வல்லாரைக் கீரையும் அது வளரும் நீரும்

நெல் வயலின் வரப்போரத்திலும், ஏரி மதகின் கசிவு நீர் தங்கும் சேற்றிலும், கிணற்றடியில் பாத்திரம் துலக்கிய நீர் ஓடும் சிறு வாய்க்காலின் கரையிலும், ஒருவர் விதைக்காமலும் ஒருவர் காவாமலும் தரையோடு தரையாகப் படர்ந்து ஆண்டுக்காண்டு அழியாமல் நிற்கும் வல்லாரையைப் பற்றித் தமிழ் மக்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஞாபகசக்தியை விருத்தி செய்யும் ஔஷதம் அது என்பது ஒன்று. துவையலுக்கும் சம்பலுக்கும் உகந்த கீரை அது என்பது மற்றொன்று. முன்னது இன்று மாத்திரையாகவும் லேகியமாகவும் பானகமாகவும் உருவெடுத்து, பரீட்சைக் காலம் வந்ததும் பெற்றோரின் கவலையைத் துணைகொண்டு கடைகளில் நிறைந்துவிடுகிறது. பின்னதோ, நகரத்துச் சமையலறைகளிலிருந்து மெல்ல மெல்ல விலகி, பாட்டிமார் இருக்கும் வீடுகளிலும் கிராமத்துச் சந்தைகளிலும் மட்டுமே தன் ஸ்தானத்தைக் காப்பாற்றிக் கொண்டிருக்கிறது. இவ்விரு அபிப்பிராயங்களையும், அவற்றுக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் பழைய நூற்செய்திகளையும் புதிய பரிசோதனைகளையும், செடியை வளர்த்து உண்ணும் முறைகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பார்த்த அளவில் நான் கொண்ட முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வல்லாரை முதன்மையாக ஒரு கீரை, அதன் குணதோஷங்களில் பெரும்பகுதி அது வேரூன்றி நிற்கும் நீரைப் பொறுத்தது, ஆகையால் அதை உண்ண விரும்புகிறவர் கூடுமானவரை தாமே வளர்த்து உண்பதுதான் தக்கது.

முதலில் செடியை அறிந்துகொள்வோம். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயம் ஆகிய அஞ்சறைப்பெட்டிச் சரக்குகளையெல்லாம் நமக்குத் தரும் குடும்பத்தைச் சேர்ந்தது வல்லாரை. ஆயினும் அவற்றின் உக்கிரமான வாசனை இதற்கு இல்லை. அவற்றைப்போல் நிமிர்ந்து வளரும் சுபாவமும் இல்லை. ஒரு தாய்ச்செடியிலிருந்து மெல்லிய செந்நிறம் பாய்ந்த ஓடுதண்டுகள் நாலா பக்கமும் கிளம்பி மண்ணின் மேலே ஊர்ந்து செல்ல, அவற்றின் ஒவ்வொரு கணுவும் கீழே வேரும் மேலே இலைக்கொத்துமாக விரிந்து, சில வாரங்களில் தானே ஒரு தனிச்செடியாகிவிடுகிறது. இலை சிறுநீரக வடிவம் உடையது. ஓரம் முழுவதும் சிறு அலைகளாக வெட்டுண்டிருக்கும். நரம்புகள் காம்பு தொடும் இடத்திலிருந்து விசிறிபோல் பிரிந்து செல்லும். பூவைப் பார்த்தவர்கள் சிலரே. ஏனெனில், வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த அந்நுண்ணிய பூக்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து இலைகளுக்கு அடியில், மண்ணை ஒட்டி மறைந்திருக்கின்றன. சமவெளி முதல் ஏறத்தாழ 1800 மீட்டர் உயரமுள்ள மலைப்பகுதி வரையில் ஈரம் கண்ட இடமெல்லாம் இது வளரும். சித்திரை வெயிலில் இலைகள் முற்றும் கருகிப் போனாலும் மண்ணுக்குள் கணுக்கள் உயிரோடிருந்து, முதல் மழைக்கே மறுபடியும் துளிர்த்துவிடும். இந்த உயிர்ப்பிடிவாதமே இதனை ஒரு முறை நட்டுப் பல ஆண்டு பறிக்கும் கீரையாக ஆக்கியிருக்கிறது.

இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் செடியை அடையாளம் காண்பதில் மட்டும் எத்தனையோ குழப்பங்கள். எலிச்செவிக் கீரை என்று வழங்கும் கொடி, இலையின் வடிவத்திலும் தரையில் படரும் விதத்திலும் வல்லாரையை ஒத்திருப்பதால், சந்தையில் இரண்டும் மாறிப்போவது உண்டு. ஆனால் அது மஞ்சள் நிறப் பூவுடைய வேறு குடும்பத்துச் செடி. அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கப்படும் நீர்ச்செடி ஒன்று, வட்டமான பளபளக்கும் இலையோடு வல்லாரை என்ற பெயரிலேயே சில நாற்றுப்பண்ணைகளில் விலைபோகிறது. அதை விலக்கி அறிய ஒரே ஒரு பரீட்சை போதும். இலையைத் திருப்பிப் பார்த்தால், குடைக்குக் காம்புபோல் இலையின் நடுவில் காம்பு பொருந்தியிருக்குமானால் அது வல்லாரை அன்று. இலையின் ஒரு புறத்தில் உள்ள பிளவின் அடியில் வந்து காம்பு சேருமானால் அது வல்லாரையாக இருக்கலாம். பிறகு ஓரத்தின் அலைவெட்டையும், மென்று பார்த்தால் முதலில் துவர்ப்பும் பின்னர் இலேசான கசப்பும் தெரிவதையும் கொண்டு உறுதி செய்துகொள்ளலாம்.

இவற்றைக் காட்டிலும் பெரிய குழப்பம் பிரமி என்ற பெயரால் நேர்ந்தது. வட இந்தியாவின் பல பகுதிகளில் வல்லாரையையே பிரமி என்று அழைக்கிறார்கள். ஆயுர்வேத வைத்தியர்களில் பெரும்பாலோர் நீர்ப்பிரமி எனப்படும், சிறிய தடித்த இலைகளையுடைய சதுப்புநிலச் செடியையே பிரமி என்றும், வல்லாரையை மண்டூகபர்ணி என்றும் கொள்கிறார்கள். இரண்டும் ஈரநிலத்தில் வளர்வன; இரண்டும் புத்தியைக் கூர்மைப்படுத்துவன என்று புகழப்பட்டவை; ஆனால் குடும்பமும் வேறு, உள்ளிருக்கும் இரசாயனப் பொருள்களும் வேறு. ஒன்றைப் பற்றிய பரிசோதனையின் முடிவை மற்றொன்றின் தலையில் ஏற்றி விளம்பரம் செய்வது இன்றும் நடப்பதால், மருந்தாக வாங்குகிறவர்கள் புட்டியின் மேலுள்ள தாவரப் பெயரை வாசித்துப் பார்ப்பது அவசியம்.

பழைய நூல்களில் வல்லாரைக்கு இருந்த இடத்தைக் கவனிக்கும்போது, இக்கட்டுரையின் விசாரணைக்கு மிகவும் பிரயோஜனமான ஒரு செய்தி கிடைக்கிறது. சரகசம்ஹிதையின் சிகிச்சாஸ்தானத்தில், மேதையை வளர்க்கும் நான்கு இரசாயனங்களைக் கூறும் இடத்தில், அதிமதுரத்தின் பொடி, சீந்திலின் சாறு, சங்கபுஷ்பியின் கற்கம் ஆகியவற்றோடு மண்டூகபர்ணியின் சாறும் வைக்கப்பட்டிருக்கிறது. விளம்பரக்காரர்கள் எடுத்துக்காட்டுவது இந்த இடத்தைத்தான். ஆனால் அதே சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில், அன்னபானங்களின் குணங்களை வகுத்துரைக்கும் அத்தியாயத்தில், கசப்புச் சுவையுள்ள கீரைகளின் வரிசையிலும் மண்டூகபர்ணி காணப்படுகிறது. ஆக, ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள அந்நூலின் ஆசிரியர்களுக்கு இது ஒருபுறம் மருந்தாகவும் மறுபுறம் சாதாரண உணவாகவும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே அவர்கள் வேலி எழுப்பவில்லை. சித்த வைத்திய நூல்கள் இதனைக் கற்ப மூலிகைகளுள் ஒன்றாகப் போற்றுகின்றன. எனினும் அந்தச் சம்பிரதாயத்தில் கற்பம் உண்பவனுக்கு விதிக்கப்பட்ட பத்தியமும் கால அளவும் கடுமையானவை என்பதை மாத்திரை விற்பவர்கள் சொல்வதில்லை.

ஐரோப்பியர் இதனை அறிந்துகொண்ட வழிகளுள் ஒன்று நம் கடற்கரை. கொச்சியில் டச்சுக் கும்பெனியின் அதிகாரியாக இருந்த வான் ரீடு என்பவர், மலையாள வைத்தியர்களின் உதவியோடு தொகுத்து 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த மலபார்த் தாவர நூலில் வல்லாரையும் படத்தோடு இடம் பெற்றது. லின்னேயஸ் 1753-இல் அதற்கு ஒரு லத்தீன் பெயர் சூட்டினார். 1879-இல் உர்பன் என்னும் ஜெர்மானியத் தாவர அறிஞர் அதை வேறொரு பேரினத்துக்கு மாற்றி, இன்று வழங்கும் சென்டெல்லா ஏசியாட்டிகா என்ற பெயரை நிலைநாட்டினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இச்செடியின் சரித்திரம் திடீரென்று வேகம் கொள்கிறது. மொரீஷியஸ் தீவில் புவாலோ என்னும் வைத்தியர் 1852-ஆம் ஆண்டையொட்டி இதைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டதாக அறிவிக்க, அச்செய்தி நம் பக்கமும் பரவியது. புதுச்சேரியில் மருந்தாளராக இருந்த ஜூல் லெப்பீன் 1855-இல் செடியை இரசாயன முறையில் பகுத்து, தாம் கண்ட பொருளுக்குத் தமிழ்ப் பெயரையே அடியாகக் கொண்டு வெல்லாரின் என்று பெயரிட்டார். சென்னையில் தொழுநோய் வைத்தியசாலையில் ஹண்டர் என்னும் வைத்தியர் நோயாளிகளுக்கு வல்லாரையைக் கொடுத்துப் பரிசோதித்தார். ஹண்டரின் தீர்ப்பு நிதானமானது: தொழுநோயையே வேரறுக்கும் மருந்து இதுவன்று, ஆனால் நோயாளியின் உடல்நிலையைத் தேற்றவும் தோலின் புண்களைத் தணிக்கவும் இது உதவுகிறது. 1868-இல் வெளிவந்த இந்திய மருந்துநூலில் வல்லாரை அங்கீகரிக்கப்பட்ட சரக்குகளுள் ஒன்றாயிற்று. அதன் பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, மடகாஸ்கரில் விளைந்த செடியிலிருந்து 1941-இல் போந்தெம் என்னும் ஆராய்ச்சியாளர் ஏசியாட்டிகோசைடு என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதைத் தொடர்ந்து பிரெஞ்சுக்காரரான புவாத்தோவும் மடகாஸ்கர் மண்ணின் மைந்தரான ரத்சிமமாங்காவும் ஆறாத புண்களில் அதனைப் பரிசோதிக்க, மடெக்காசோல் என்ற களிம்பு பிறந்தது. இன்று கொரிய தேசத்திலிருந்து வரும் முகப்பூச்சுகளில் சிக்கா என்று எழுதியிருப்பதும் வல்லாரையின் சத்தையே குறிக்கிறது.

ஹண்டரின் தீர்ப்பை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புண்ணை ஆற்றும் தன்மை என்பது வல்லாரையைப் பற்றிய புகழுரைகளுள் மிகவும் உறுதியான ஆதாரம் பெற்றது. தோலின் அடியில் உள்ள உயிரணுக்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை உண்டாக்குவதை இதன் சத்துகள் தூண்டுகின்றன என்பது பரிசோதனைக் கூடங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட விஷயம். உலக சுகாதார ஸ்தாபனம் 1999-இல் வெளியிட்ட மூலிகைத் தொகுப்பிலும், தீப்புண்ணுக்கும் காயத்துக்கும் இதைப் பயன்படுத்துவது மருத்துவப் பரிசோதனையின் ஆதரவு பெற்ற உபயோகங்களுள் வைக்கப்பட்டிருக்கிறது. புகழ் அதிகம் பெற்றதோ ஞாபகசக்தி. ஆதாரம் அதிகம் பெற்றதோ தோல்.

ஞாபகசக்தியைப் பற்றிய பரிசோதனைகள் இல்லாமல் இல்லை. நம் நாட்டிலேயே 1973-இல் அப்பாராவ் முதலியோர் மனவளர்ச்சி குன்றிய 30 குழந்தைகளுக்குச் செடியின் பொடியைக் கொடுத்து, அவர்களுடைய பொதுத்திறனில் அபிவிருத்தி கண்டதாக எழுதினார்கள். அதன் பின் தென்கிழக்காசிய நாடுகளில் முதியோரிடத்தும் பிறரிடத்தும் சில சோதனைகள் நடந்தன. ஆனால் தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய சோதனைகளையெல்லாம் ஒன்று திரட்டி எடைபோட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் மாவு மாத்திரையோடு ஒப்பிடும்போது நினைவாற்றல் முதலிய அறிவுத்திறன்களில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை என்றும், உட்கொண்ட ஒரு மணி நேரத்தில் விழிப்புணர்வு சற்று மிகுந்து சினம் சற்றுத் தணிவதாக மட்டும் தோன்றுகிறது என்றும் முடிவு கூறினார்கள். சோதனைகள் சிறியன, கொடுத்த அளவுகள் பலவகை, ஆகவே இதையே கடைசி வார்த்தையாகக் கொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரவெல்லாம் கண் விழித்துப் படித்துவிட்டுக் காலையில் ஒரு மாத்திரையை விழுங்குவதால் விட்டுப்போன பாடம் நினைவுக்கு வந்துவிடும் என்று நம்புவதற்கு இதில் ஆதாரம் எதுவும் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது உறக்கம். அதைப் பறித்துக்கொண்டு மாத்திரையைக் கொடுப்பது அநியாயம்.

மாத்திரைகளைப் பற்றி இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வல்லாரைச் சத்தை இருபது நாள் முதல் அறுபது நாள் வரை தொடர்ந்து உட்கொண்ட மூன்று பெண்களுக்கு ஈரல் வீக்கமும் காமாலையும் நேர்ந்து, நிறுத்தியதும் குணமான வரலாறு 2005-இல் ஒரு ஸ்பானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. பல நூற்றாண்டுகளாகக் கோடிக்கணக்கானவர்கள் உண்டுவரும் கீரை, செறிவூட்டிய சத்தாகி நாள்தோறும் வயிற்றுக்குள் போகும்போது வேறொரு பதார்த்தமாகிவிடுகிறது என்பதற்கு இது ஒரு குறிப்பு. கர்ப்பிணிகளும், ஈரல் நோயுள்ளவர்களும், வலிப்புக்கும் தூக்கத்துக்கும் மருந்து உண்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் வல்லாரையை மருந்தாக எடுத்துக்கொள்வது தகாது.

இனி உணவைப் பற்றிப் பேசலாம். வல்லாரையின் உண்மையான வரலாறு வைத்திய நூல்களில் இருப்பதைவிட, வங்காள விரிகுடாவைச் சுற்றிலும் அதற்கு அப்பாலும் உள்ள அடுப்படிகளில்தான் அதிகமாக எழுதப்பட்டிருக்கிறது. மணிப்பூரில் இதைப் பெருக் என்று அழைத்து, சிங்ஜூ என்னும் காரமான பச்சைக்கறிக் கலவையில் சேர்க்கிறார்கள். வங்காளத்தில் தான்குனி என்ற பெயரில் இதன் சாற்றையும் அரைத்த விழுதையும் வயிற்றுக்கோளாறுகளுக்குப் பத்தியமாகச் சோற்றோடு உண்கிறார்கள். மலேசியாவில் பெகாகா என்ற பெயரோடு பச்சையாகவே சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கொறிக்கிறார்கள். வியட்நாமில் தெருவோரக் கடைகளில் பச்சை இலையை அரைத்து வடிகட்டி, சர்க்கரையும் பனிக்கட்டியும் இட்டுக் கோடைகாலப் பானமாக விற்கிறார்கள். கன்னட நாட்டின் கடலோர மாவட்டங்களில் செய்யும் தம்புளி இவற்றுள் எனக்கு மிகவும் உகந்தது: நெய்யில் வதக்கிய இலையைத் தேங்காய், சீரகம், மிளகு இவற்றோடு மைய அரைத்து, புளிக்காத மோரில் கரைத்து, நெய்யில் கடுகு தாளித்து, சூடுபடுத்தாமலே சோற்றில் பிசைந்து உண்பது அது. கோடை மதியத்துக்கு இதைவிடச் சாந்தமான உணவு கிடையாது.

ஆயினும் இக்கீரையை அறிந்து கையாள்வதில் ஈழத்தவருக்கு நிகர் அவர்களேதான். சிங்களவர் கொட்டுகொல என்றும் தமிழர் வல்லாரை என்றும் வழங்கும் இச்செடி அங்கே ஏழை பணக்காரர் வேற்றுமையின்றி அன்றாடச் சோற்றோடு இடம்பெறுவது. சிவப்புப் பச்சரிசியைக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பாலும் அரைத்துப் பிழிந்த இலைச்சாறும் கடைசியில் ஊற்றி, ஒரே கொதியில் இறக்கி, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு காலையில் குடிக்கும் இலைக்கஞ்சி ஒரு வகை. யாழ்ப்பாணத்துச் சம்பல் மற்றொரு வகை. அதன் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இலையையும் இளங்காம்பையும் பல தண்ணீரில் அலசி, ஈரம் போக உலர்த்தி, பத்துப் பன்னிரண்டு இலைகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சுருட்டி, இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூரிய கத்தியால் மயிரிழை போல் நறுக்குவார்கள். நறுக்கு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குக் கசப்பு அடங்கும். தடித்த துண்டாயின் நாக்கில் நார் தட்டும். அதனோடு பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், புதிதாகத் துருவிய தேங்காய்ப்பூ, உப்பு, விரும்பினால் இடித்த மாசிக்கருவாடு ஆகியவற்றைச் சேர்த்து, விரல் நுனிகளால் தேங்காயின் பால் கசியும்படி பிசறி, உண்ண உட்காரும்போது மட்டும் தேசிக்காய்ப் புளியைப் பிழிவார்கள். முன்கூட்டியே பிழிந்தால், புளிப்பு பட்ட பச்சையம் சிதைந்து, மரகதப் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும். அடுப்பே தொடாத இந்தச் சம்பலில் இலையின் வைட்டமின் சி வெப்பத்தால் அழியாமல் தங்கிவிடுகிறது என்பது ஆரோக்கிய விஷயம். கசப்பும் துவர்ப்பும் காரமும் தேங்காயின் இனிப்பும் ஒரு வாயில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பது ரசனை விஷயம். எனக்கு இரண்டாவதே பெரிது.

தமிழ்நாட்டில் துவையலே பிரசித்தம். உளுத்தம்பருப்பும் வற்றல் மிளகாயும் பெருங்காயமும் வறுத்தெடுத்த அதே வாணலியில் இலையைப் போட்டு, ஈரம் சுண்டும் வரை மட்டும் வதக்கி, தேங்காயும் ஒரு சுளைப் புளியும் வைத்துக் கரகரப்பாக அரைப்பது வழக்கம். பாசிப்பருப்போடு கூட்டாகவும், தோசைமாவில் அரைத்துக் கலந்தும், நிழலில் உலர்த்திப் பருப்புப்பொடியோடு இடித்தும் உண்பார்கள். இங்கே ஒரு விவாதம் எழுவதுண்டு: வல்லாரையோடு புளி சேர்க்கலாகாது, சேர்த்தால் அதன் குணம் முறிந்துவிடும் என்று பெரியவர்கள் பலர் சொல்வார்கள். அந்த விதி கற்பம் உண்பவனுக்கு வகுத்த பத்தியத்திலிருந்து வந்தது. அவனுக்குப் புளி மட்டுமன்றி வேறு பலவும் விலக்கு. கீரையாக உண்பவனுக்கு அதே கட்டுப்பாட்டை விதிப்பதற்கு நியாயம் தோன்றவில்லை. கசப்பைச் சமன்செய்யப் புளி வேண்டுமென்று நாக்கு கேட்டால் கொடுத்துவிடலாம். அளவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: பச்சைச் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடிப்பவர்களுக்குத் தலைவலியும் மயக்கமும் வரக்கூடும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு கைப்பிடி இலை என்பது குடும்பத்துக்கு நிறைவான அளவு. நூறு கிராம் இலையில் ஏறக்குறைய 170 மில்லிகிராம் கால்சியமும், மற்றக் கீரைகளில் உள்ளதுபோல் இரும்பும் நார்ச்சத்தும் இருப்பதால், நினைவாற்றலைக் காரணம் காட்டாமலே இதை உண்ணப் போதுமான காரணம் இருக்கிறது.

இனித்தான் இக்கட்டுரையின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வல்லாரை தான் நிற்கும் மண்ணிலும் நீரிலும் உள்ளதை ஒளிக்காமல் உறிஞ்சிக்கொள்ளும் செடி. ஈயம், காட்மியம், துத்தநாகம் முதலிய உலோகங்களை அது வேரில் மிகுதியாகவும் இலையில் ஓரளவும் சேர்த்து வைக்கிறது; மலேசியாவில் ஆராய்ச்சியாளர்கள் பல இடங்களிலிருந்து வல்லாரையைப் பறித்து வந்து, அதனுள் உள்ள உலோகங்களை அளந்து, அந்தந்த இடத்து மண்ணின் மாசை அறியும் அடையாளச் செடியாக அதனைப் பயன்படுத்தலாமா என்றே ஆராய்ந்தார்கள். சாலையோரத்துச் சாக்கடையிலும், சாயப்பட்டறைக் கழிவு கலக்கும் வாய்க்காலிலும் வல்லாரை செழிப்பாக வளர்வதைக் காண்கிறோம். அந்தச் செழிப்பு ஆரோக்கியத்தின் அறிகுறி அன்று. உலோகத்தைக் கழுவியும் போக்க முடியாது, வேகவைத்தும் போக்க முடியாது.

உயிர்ப்பொருள்களால் வரும் தீங்கு வேறு வகை. தரையோடு ஒட்டிப் படர்வதாலும், இலைகளின் அடிப்புறத்தில் எப்பொழுதும் சேறு தெறித்திருப்பதாலும், மனிதக்கழிவோ கால்நடைக்கழிவோ கலந்த நீரில் வளரும் வல்லாரையில் சீதபேதிக் கிருமிகளும் குடற்புழுக்களின் முட்டைகளும் தங்கிவிடுகின்றன. ஆடுமாடுகளின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழு, நீர் நத்தைகளின் உடலிலிருந்து வெளிவந்து நீரோரச் செடிகளின் மேல் நுண்ணிய உறைக்குள் காத்திருந்து, அவற்றைப் பச்சையாக உண்பவரின் உடலுக்குள்ளும் புகக்கூடியது. அந்த உறை இலையோடு இறுகப் பற்றியிருப்பதால் சாதாரணமாக அலசுவதற்கு அசையாது. ஆகவே, வயல்வெளியில் பறித்த இலையையும், விளைந்த இடம் தெரியாத சந்தை இலையையும் வதக்கியோ வேகவைத்தோதான் உண்ண வேண்டும். சம்பலும் பச்சைச் சாறும் நீர் இன்னதென்று அறிந்து வளர்த்த இலைக்கே உரியவை. அக்காலத்தில் கிணற்றடி வாய்க்காலில் ஓடியது சாம்பலும் புளியும் கலந்த நீர்; இன்று அதே இடத்தில் ஓடுவது சோப்பும் வேறு பல இரசாயனங்களும் கலந்த நீர். பாட்டி கிணற்றடியில் பறித்தாள் என்பதைப் பிரமாணமாகக் கொண்டு நாம் இன்று சாக்கடையோரத்தில் பறிக்கலாகாது.

தாமே வளர்ப்பது என்பது பெரிய பிரயாசை வேண்டுவதன்று. ஆழம் குறைந்து அகலம் மிகுந்த தொட்டி போதும். ஒரு சாண் ஆழத்துக்கு மேல் இதன் வேருக்குத் தேவையில்லை. களிப்பாங்கான செம்மண் இரண்டு பங்குக்கு நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற கலவை தண்ணீரைப் பிடித்து வைக்கும். பச்சைச் சாணத்தை ஒருபோதும் இடலாகாது. மேலே சொன்ன கிருமிகளும் புழுமுட்டைகளும் அதன் வழியாகவே வந்துவிடும். விதை முளைப்பது மந்தமாகையால் ஓடுதண்டையே நடுவது உத்தமம். இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் கிடையாக வைத்து, கணுக்கள் மண்ணில் அழுந்தும்படி விரலால் ஊன்றி, இலைகளை மட்டும் வெளியே விட்டு நீர் தெளித்தால், பத்துப் பதினைந்து நாளில் வேர் பிடித்துவிடும். வேர் பிடித்ததை அறியத் தண்டை இழுத்துப் பார்க்க வேண்டாம். கணுவிலிருந்து மடிந்த விசிறிபோல் ஒரு புதிய இலை எழும்புவதே சாட்சி.

வெயிலின் அளவில்தான் வளர்ப்பவரின் விவேகம் வெளிப்படும். முழு வெயிலில் வளரும் வல்லாரை காம்பு குறுகி, இலை சிறுத்துத் தடித்து, கசப்பேறி, ஓரங்களில் செம்மை படரும். அடர்ந்த நிழலிலோ காம்பு மட்டும் நீண்டு இலை வெளிறிப்போகும். தென்னையின் கீழோ, வாழைப்பாத்தியின் ஓரத்திலோ, மாடியில் பச்சை வலைப் பந்தலின் அடியிலோ கிடைக்கும் பாதி நிழலில் இலை அகன்று மென்மையாக வரும். மண் எப்பொழுதும் ஈரமாயிருக்க வேண்டும். கோடையில் காலை மாலை இரு வேளையும் நீர் வேண்டும். சமையலறைக் கழிவுநீரைச் செடிகளுக்குப் பாய்ச்சும் சிக்கனத்தை வாழைக்கும் தென்னைக்கும் வைத்துக்கொண்டு, வல்லாரைக்குக் குடிக்கும் நீரையே கொடுக்க வேண்டும். பூச்சித்தொல்லை அதிகமில்லை, மழைக்காலத்தில் நத்தைகள் வரும், இரவில் விளக்கோடு சென்று பொறுக்கிவிடலாம். இலைகள் காரணமின்றி மஞ்சளித்துக் குன்றினால் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். சிறு முடிச்சுகள் காணப்பட்டால் நூற்புழு பற்றியிருக்கிறது. அந்த மண்ணையே மாற்றிவிடுவது நல்லது.

நட்டு மூன்று மாதத்தில் முதல் அறுவடை. இலையைக் காம்போடு கிள்ளி எடுக்கலாம். அல்லது ஒரு பகுதியை மட்டும் கத்தரியால் தரைக்கு இரண்டு விரற்கடை மேலே வெட்டி, மறுபகுதியை அடுத்த முறைக்கு விடலாம். வேரோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டி விற்கும் சந்தை வழக்கம் செடிக்கும் கேடு, உண்பவருக்கும் கேடு. ஏனெனில் உலோகமும் சேறும் மிகுதியாகத் தங்குவது வேரிலேதான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெட்டிக்கொண்டே வந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னி, மண் இறுகி, இலை சிறுக்கத் தொடங்கும். அப்பொழுது தொட்டியைக் கவிழ்த்து, இளந்தண்டுகளை மட்டும் தேர்ந்து புது மண்ணில் நட்டுக்கொள்ளலாம்; மிஞ்சியதை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம்.

சாகுபடியாகச் செய்ய விரும்புவோருக்கு இரகங்களும் கிடைக்கின்றன. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அர்க்கா திவ்யா, அர்க்கா பிரபாவி என்று இரண்டை வெளியிட்டிருக்கிறது. மூலிகைக்கென்று இரகம் தேர்கிறவர்கள் இலையின் விளைச்சலையும் ஏசியாட்டிகோசைடின் அளவையும் முதன்மையாக நோக்குவது இயல்பு. ஆனால் உண்பவனுடைய நாக்கு கேட்பது வேறு. இலங்கையில் கீரைக்கென்றே பரவலாகப் பயிராகும் மெரிட் என்ற அகன்ற இலை வகை, படராமல் புதராக எழும்பி நிற்பதால் சேறு படிவது குறைந்து, கழுவுவதும் நறுக்குவதும் எளிதாகிறது; சுவையில் நுட்பம் வேண்டுகிறவர்கள் சிற்றிலை வகையைத் தேடிப் போகிறார்கள். தமிழ்நாட்டின் ஏரிக்கரைகளிலும் மலைச்சரிவுகளிலும் காம்பு நீண்டதும் குறுகியதும், இலை மணமுள்ளதும் இல்லாததும், கசப்பு மிகுந்ததும் குறைந்ததுமாக எத்தனையோ வேற்றுமைகளோடு வல்லாரை கிடக்கிறது. அவற்றைத் திரட்டி, ஒரே மண்ணில் ஒரே நீரில் வளர்த்து, சம்பலுக்கு எது, துவையலுக்கு எது, வெயிலைத் தாங்குவது எது, உலோகத்தைக் குறைவாக உறிஞ்சுவது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலையை வேளாண்மைக் கல்லூரிகள் மேற்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய செடிகள் ஒவ்வொரு மதகின் அடியிலும் இருக்கின்றன.